மகளும் நானும் வெபர் மைதானமும்

அன்பின் மச்சான்,

சிறுபோக வேளாண்மை வெட்டு முடிந்து, நெல்லைக் காயவைத்து மூட்டை கட்டி அனுப்பும்வரைக்கும் ஆறுதலாக இருந்து ஒரு வரி எழுத முடியவில்லை. இப்போதுதான் ஓய்ந்திருக்கிறேன். போன கிழமை கல்லடிக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். கண் ஒபரேஷன் நல்லபடி முடிந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்கிறா. போனில் உன்னிடம் "சுகமாயிருக்கிறேன்" என்று அவ சொல்வது இந்த முறை உண்மைதான், கவலைப்படாதே.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மகனுக்கு ஆறு வயதாகப் போகிறது, லண்டன் எமிரேட்ஸ் ஸ்ரேடியத்தில் ஆர்சனல் கழகம் உதைபந்து விளையாடுவதைக் காட்டக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன், நீ என்ன நினைக்கிறாய் என்று எழுதியிருந்தாய். காட்டு, கட்டாயம் காட்டு. ஆனால் முதல் மாட்ச் அங்கே வேண்டாம் மச்சான். ஏன் என்று சொல்வதானால், நான் என் மகளை மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குக் கூட்டிப் போன கதையைச் சொல்லவேண்டும்.

இரண்டு ஊர்க் கழகங்களுக்கு இடையே, தோற்றால் வெளியே போகவேண்டிய விலகல் முறைப் போட்டி. நாலு மணி என்று அறிவித்து நாலரைக்குத்தான் விசில் ஊதினார்கள். வாசலில் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தவள் வெபர் என்றால் யார் என்று கேட்டாள். அமெரிக்காவில் நியூ ஓர்லியன்ஸ் என்ற ஊரிலிருந்து வந்த இயேசு சபைக் குருவானவர், புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைக் கூடைப்பந்திலும் மெய்வல்லுநர் போட்டியிலும் பழக்கி எடுத்தவர் என்று சொன்னேன். "அவரும் ஓடுவாரா?" என்றாள். அது எனக்குத் தெரியாது, ஆனால் பிள்ளைகள் ஓட ஒரு இடம் வேண்டும் என்று பாடுபட்டவர் என்றேன். அவரைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் நிறையச் சொல்லவேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

முதலில் மேளம் அடிக்கிற பொடியன்களுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. ஒரு பட்டாசு வெடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு என் காலைக் கட்டிப் பிடித்துவிட்டாள். வீட்டுக்குப் போவோமா என்று கேட்டேன், வேண்டாம், அங்கால போவோம் என்றாள். அப்படியே நடந்து ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால், வெயில் முகத்தில் படாத பக்கமாகப் போய் நின்றோம். நல்லதாய்ப் போனது. கச்சானும் ஐஸ்பழமும் விற்கிறவர்கள் அந்தப் பக்கம் வருவது குறைவு, ஆட்டம் மட்டும்தான் இருந்தது.

அங்கேதான் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மைதானத்தின் மற்ற அந்தத்தில் கோல் கீப்பர் பந்தை உதைக்கிறார், கால் படுவது தெரிகிறது, சத்தம் அதற்குப் பிறகுதான் வருகிறது. "அப்பா, சத்தம் பிந்தி வருது!" என்று கத்தினாள். ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும், மைதானத்தின் நீளம் 100 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. அப்படியென்றால் ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்கு பிந்தும். நாம் எத்தனை வருஷம் பந்து உதைத்திருப்போம், நான் இதைக் கவனித்ததே இல்லை. அதற்குப் பிறகு பத்து நிமிஷம் அவள் மாட்ச் பார்க்கவில்லை, தூரத்துக் கோல் கீப்பரை மட்டும்தான் பார்த்தாள், அவர் எப்போது அடுத்த முறை உதைப்பார் என்று. நானும் அவளோடு சேர்ந்து அதையே பார்த்தேன்.

அப்புறம் கொடி பிடித்தவர். கோட்டோடு மேலும் கீழும் ஓடுகிறார், பந்தைத் தொடுவதில்லை, யாரும் அவருக்குப் பந்து கொடுப்பதுமில்லை, பாவம் என்றாள். அவருடைய வேலையைச் சொன்னால் ஓஃப்சைட் சொல்லவேண்டும். பின்னால் இருந்து பந்து வரும் முன்னமே, எதிர்ப்பக்கத்தாரைத் தாண்டிக் கோல் அடியில் போய்க் காத்து நிற்கக்கூடாது, நின்றவருக்குப் பந்து வந்தால் இவர் கொடி தூக்குவார் என்றேன். இரண்டாவது கடைசி ஆள், பந்து காலை விட்டுப் புறப்படும் கணம் என்றெல்லாம் நான் இழுக்கவில்லை. அவளுக்கு அது போதும். பிறகு அவர் கொடியைத் தூக்கிய ஒவ்வொரு தடவையும் இவளும் கையைத் தூக்கினாள்.

அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கோல் விழுந்தது, அதுவும் எங்களுக்கு முன்னாலேயே. சனம் எழும்பிக் கத்தியபிறகுதான் திரும்பினாள். "திரும்பக் காட்டுவாங்களா?" என்றாள். ரீவியில் கோல் விழுந்தால் நாலு பக்கத்தாலும் போட்டுக் காட்டுவார்கள் இல்லையா, இங்கேயும் அப்படி என்று நினைத்திருக்கிறாள். இல்லை, இங்கே ஒரு தடவைதான் என்றேன். அழுவாள் என்று பயந்தேன், அழவில்லை. ஆனால் அதன் பிறகு பந்து எங்கே போனாலும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

இடைவேளை பதினைந்து நிமிஷம், பணிஸும் வாழைப்பழமும் கொண்டு போயிருந்தோம். அப்போதுதான் "அக்காமார் எப்ப விளையாடுவாங்க?" என்று கேட்டாள். மச்சான், அதுக்கு என்ன சொல்வது? பெண்களுக்கும் உலகக்கிண்ணம் இருக்கிறது, 2023-இல் சிட்னியில் ஸ்பெயின் இங்கிலாந்தை 1-0 என்று வென்றது, வீட்டுக்குப் போய்க் காட்டுகிறேன் என்றேன். காட்டினேன். ஆனால் அவள் கேட்டது சிட்னியை இல்லை, வெபர் மைதானத்தை. அவளுடைய பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து மட்டும்தான் இருக்கிறது. ஒழுங்கையில் அவளையொத்த பெண்பிள்ளைகள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், பின்னேரத்தில் அவர்களைச் சேர்த்துப் பழக்க நான் ஆயத்தம், தாய்மாரோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் நம்பர் பந்து வாங்கியாயிற்று. நீயும் மகனுக்கு அதையே வாங்கு. பெரியவர்களின் ஐந்தாம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம் பாரம், சின்னக் கால் நோகும், நொந்தால் பிள்ளை பந்தையே வெறுத்துவிடும்.

இரண்டாவது பாதியில் பாதிகூடப் போகவில்லை, மடியில் சாய்ந்துவிட்டாள். உடனே எழும்பி வந்துவிட்டோம். முழுக்கப் பார்க்கவேண்டும் என்று பிள்ளையைப் பிடித்து வைக்காதே. நாங்கள் வந்தபிறகு மற்றப் பக்கம் கோல் போட்டுச் சமன் ஆகி, பெனால்டியில் முடிந்ததாம். மனைவியின் தம்பி வந்து சொன்னான். பார்க்கக் கிடைக்கவில்லை என்று எனக்குத் துளியும் கவலை இல்லை.

வருகிற வழியில் இருட்டிவிட்டது. பாலத்தில் லைட் எரிகிறது, சனம் சாவகாசமாக நடக்கிறது, இவள் பைக்கில் எனக்கு முன்னால் இருந்து பாட்டுப் பாடுகிறாள். யுத்தம் நடந்த நம் காலத்தை யோசித்துப் பார். ஆறு மணிக்கு முன்னம் வீட்டுக்குள் இருக்கவேண்டும், நாம் விளையாடிய மாட்ச் எத்தனை பாதியில் நின்றது! உன் அப்பாவோ என் அப்பாவோ நம்மை ஒரு மாட்சுக்குக் கூட்டிப் போனதில்லை, போகிற காலம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. எனக்கு வாய்த்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி உன் மகன். எமிரேட்ஸில் அறுபதாயிரம் பேர். நீ கொடுக்கிற காசுக்கு எந்த உயரத்தில் இருக்கை கிடைக்குமோ, அங்கிருந்து அவனுக்குப் பந்துச் சத்தம் கேட்காது. எழும்பி நிற்கிறவர்களின் முதுகுதான் தெரியும், அலுத்துவிட்டது என்றால் ரிக்கெட் காசை நினைத்து உனக்கு எழும்ப மனமும் வராது. நீ இருப்பது ரூட்டிங், பக்கத்தில் மோர்டனில் ரூட்டிங் அண்ட் மிட்சம் யுனைட்டட் கழகத்தின் மைதானம் இருக்கிறது. தேடிப் பார்த்தேன், பெரிய கதை உள்ள கழகம் அது: 1959 ஜனவரியில் இங்கிலாந்துக் கழகங்களின் எஃப்.ஏ. கிண்ண மூன்றாம் சுற்றில் பெரிய கழகமான நொட்டிங்காம் ஃபொரெஸ்ட் இவர்களிடம் வந்து 2-0 என்று பின்தங்கி, தட்டுத்தடுமாறி 2-2 ஆக்கித் தப்பியது. மறு ஆட்டத்தில்தான் 3-0 என்று வென்றார்கள், அந்த வருஷக் கிண்ணமே ஃபொரெஸ்டுக்குத்தான். போகும் வழியில் மகனுக்கு இதைச் சொல். உங்கள் நாட்டில் சனிக்கிழமை 2.45-இலிருந்து 5.15 வரை ரீவியில் மாட்ச் நேரடியாகக் காட்டக்கூடாது என்று வைத்திருப்பதே, இப்படிப்பட்ட சின்ன மைதானங்களுக்கு ஆட்கள் போகவேண்டும் என்றுதானே. கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நில்லுங்கள். ஆர்சனல் இரண்டு வருஷம் பொறுக்கும்.

போய் வந்து எழுது. ஸ்கோர் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அவன் எதைப் பார்த்தான், என்ன கேட்டான் என்று எழுது. டிசம்பரில் வருகிறபோது முழங்காலுக்குக் கீழே கட்டுகிற ஷின் காட் சின்ன அளவில் ஒரு சோடி கொண்டுவா, இங்கே பெரிய பிள்ளைகளின் அளவுதான் கிடைக்கிறது, அவளுடைய கால் அளவைப் போனில் அனுப்புகிறேன். நீ வருவது மாரி மழைக்குள், மைதானம் எல்லாம் தண்ணியாய் நிற்கும், அதனால் மகனுக்குப் பழைய சப்பாத்து ஒன்றும் எடுத்து வை.

அன்புடன்,
உன் மச்சான்