அந்தக் கோப்பையைத் திறந்து பாருங்கள்: கால்நடை வைத்திய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

மட்டக்களப்பின் படுவான்கரையில் பன்றி வளர்க்கும் சிலரின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். கடந்த மாரியில் எமது கொட்டில்களில் குட்டிகள் எப்படிச் செத்தன என்பதைத் தாங்கள் அறிவீர்கள் என்பதால் முழுக்கதையையும் மீண்டும் சொல்லப்போவதில்லை.

என் கொட்டிலில் ஈன்று 8 ஆம் நாள், 11 குட்டிகளுக்கும் கழிச்சல் கண்டது. அது தண்ணீராகப் போகவில்லை. மஞ்சள் களிபோல வாலடியிலும் பின்னங்கால்களிலும் அப்பிக் காய்ந்து, புளித்த பால் வாடை வீசியது. தாயின் மடியில் பால் குறையவில்லை, குட்டிகளும் முட்டிமோதிக் குடித்தன, எனினும் அவற்றின் முதுகெலும்பு நாளுக்கு நாள் துருத்திக்கொண்டே வந்தது. மலத்தை ஒரு யோகட் கோப்பையில் எடுத்து, வாயைப் பொலித்தீனால் கட்டி, பேருந்தில் மற்றவர்களின் முகச்சுளிப்பைப் பொறுத்துக்கொண்டு பணிமனைக்குக் கொண்டுவந்தேன். அதை எவரும் அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. முதலில் அன்ரிபயோட்டிக் ஊசி போடப்பட்டது. 3 நாள் கழித்துக் குடற்புழுவுக்கான பூச்சி மருந்து தரப்பட்டது. இரண்டும் பலிக்காதபோது, “எதிர்ப்புச் சக்தி தானாக வந்துவிடும்” என்ற ஆறுதலும் தரப்பட்டது. 5 குட்டிகளைப் புதைத்தேன். எஞ்சியவை இன்னமும் எடை ஏறாமல் நிற்கின்றன.

அந்தத் “தானாக” என்ற சொல்தான் எம்மை வருத்துகிறது. பன்றியின் சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி) நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளைக் கருவுக்குக் கடத்துவதில்லை என்பதையும், குட்டி அவற்றைக் கடும்புப் பாலிலிருந்தே பெறுகிறது என்பதையும், ஏறத்தாழ ஒன்றரை நாளில் அவற்றை உள்ளே விடும் குடலின் வாயில் அடைபட்டுவிடுகிறது என்பதையும் எமக்குக் கற்பித்தவர்களே தாங்கள்தான். அந்தப் பாலின் காவலும் கொக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணிக்கு எதிராகப் போதுவதில்லை. அந்த ஒட்டுண்ணி குடற்கலங்களுக்குள் புகுந்து பெருகி, உணவை உறிஞ்சும் சடைமுளைகளைச் சிதைப்பதால், குடித்த பால் உடம்பில் ஒட்டுவதில்லை. ஒருமுறை தொற்றித் தேறிய குட்டி அடுத்த தொற்றை நன்றாகத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் தேறுவதற்கு அது முதலில் உயிரோடு இருக்க வேண்டும். மேலும் கொக்சிடியா புழு அன்று, ஒருகல உயிரி. பூச்சி மருந்து அதை ஒன்றும் செய்யாது. அதற்குரிய ரொல்ட்ரசூரில் மருந்தை 3 முதல் 5 நாள் வயதுக்குள், இரும்புச்சத்து ஊசி போடும்போதே வாயில் விட்டிருக்கலாம். என் குட்டிகளைக் கொன்றது கொக்சிடியாதான் என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை. சொல்லியிருக்கக்கூடியது அந்தக் கோப்பை ஒன்றுதான்.

பால் மறந்த குட்டிகளின் நிலையும் இதுவே. உருளைப்புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். குட்டியின் குடலில் பொரிக்கும் இளம்புழுவான குடம்பி ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போய், இருமலோடு மேலேறி, விழுங்கப்பட்டு மீண்டும் குடலை அடைகிறது. அப்போது குடல் சளியைக் கூடுதலாகச் சுரந்து, இயோசின் நாடிக் கலங்கள் என்னும் வெண்குருதிக் கலங்களைத் திரட்டி, மூன்றாம் வாரமளவில் பெரும்பாலானவற்றை வெளியே தள்ளிவிடுகிறது. முன்னர் குடம்பிகள் ஈரலைக் கடந்தபோது அங்கு நடந்த போராட்டத்தின் தழும்புதான் ஈரலின் வெண்புள்ளி. அதைக் காட்டி ஈரலுக்கு விலை தராத வியாபாரியிடம் நாம் எந்த நோயெதிர்ப்பியலை விளக்குவது? உருளைப்புழு தொற்றிய குட்டிகளில் மைக்கோபிளாஸ்மா என்னும் பற்றீரியாவால் வரும் நிமோனியாவுக்கான தடுப்பூசியின் பலன் குன்றுவதும் பரிசோதனைகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே ஊசிக்கு முன்னராவது மலத்தைப் பாருங்கள் என்கிறோம்.

முட்டைகளை மிதக்கவைக்கச் செறிந்த உப்புக்கரைசல், ஒரு கண்ணாடித்தட்டு, ஒரு நுணுக்குக்காட்டி: இவ்வளவுதான் தேவை. பசு சினைப்படவில்லை என்றால் வீடு தேடி வருகிறீர்கள், அதற்கு நன்றி. பன்றி என்றதும் தூரம் கூடிவிடுகிறது. 2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவி, பன்றிகளைக் கொண்டுசெல்லத் தடை வந்தபோது மட்டும் எமது கொட்டில்களுக்குப் பாதை தெரிந்திருந்தது.

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் பணிவுடன் கேட்பது மலப் பரிசோதனை ஒன்றையே. கிழமையில் ஒரு நாளை அதற்கென ஒதுக்குங்கள். கொக்சிடியாவில் கழிச்சல் முந்தி, முட்டைகள் பிந்தி வருவதுண்டு என்பதால், முதல் மாதிரியில் ஒன்றும் தெரியாவிட்டால் இரண்டு மூன்று நாளில் இன்னொன்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். என் தாய்ப்பன்றி அடுத்த மாதம் மீண்டும் ஈனவிருக்கிறது. கோப்பையை எந்த நாளில், எத்தனை மணிக்குக் கொண்டுவரலாம் என்று அறியத்தந்தால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
படுவான்கரைப் பன்றி வளர்ப்பாளர் ஒருவர்