‘வசதியான உடை’ என்றால் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் மெக்ரிட்சி, புக்கிட் தீமா காட்டுப்பாதைகளுக்குக் குழுவாக நடக்கப் போவோருக்கான அறிவிப்புகளில் கூடும் இடம், நேரம், தண்ணீர் போத்தல், தொப்பி எல்லாம் விவரமாக இருக்கும். உடைக்கு மட்டும் ‘வசதியான உடை அணிந்து வரவும்’ என்று ஒரே வரி. வீட்டில் வசதியாக இருப்பது பருத்தி பெர்முடா. எட்டாவது கிலோமீட்டரில் தொடை இடுக்கைப் புண்ணாக்குவதும் அதே பெர்முடாதான். முதல் நடையிலேயே இப்படி அவதிப்பட்டவர் அடுத்த வாரம் வரமாட்டார். அதனால்தான் ஷார்ட்ஸ் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் விடியற்காலை காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில்தான் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். வெயிலுக்குப் பயந்து காலை 7 மணிக்கே கிளம்புகிறோம். வெயில் குறைவுதான், ஆனால் வியர்வை காய வழியில்லாத நேரம் அது. குளிர்நாடுகளுக்காகத் தயாரித்து விற்கும் ஷார்ட்ஸில் தடித்த துணியையும் மழைநீர் ஒட்டாத பூச்சையும் பெருமையாகச் சொல்வார்கள். இங்கே வெளியிலிருந்து வரும் மழையைவிட உடம்பிலிருந்து வழியும் வியர்வைதான் பெரிய தொல்லை. வியர்வையில் ஊறிய தோல் மிருதுவாகி, துணியோடு உராயும்போது சீக்கிரம் உரியும். சற்று நின்று இளைப்பாறினால் வியர்வை பாதி காய்ந்து, அதிலிருந்த உப்பு தையலோரங்களில் பொடிப்பொடியாகத் தங்கும். மறுபடி நடக்கத் தொடங்கும்போது அந்த ஓரம் உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

முதலில் துணியைப் பார்ப்போம். காற்றிலுள்ள ஈரத்தை மட்டுமே பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு இழுத்துக்கொள்ளும். நைலான் 4 விழுக்காடு, பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட இல்லை. வியர்வையில் நனைந்துவிட்டால் பருத்தி தன் எடைக்கு மேலேயே நீரைப் பிடித்துவைத்து, கனத்து, இடுப்பிலிருந்து கீழே இழுக்கும். ஜீன்ஸ் துணி ஷார்ட்ஸ் இன்னும் மோசம். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் வாடை தங்கும். நைலான் அதைவிடச் சற்று மெதுவாகக் காயும், உராய்வையும் முள்ளையும் நன்றாகத் தாங்கும். காட்டுப்பாதைக்கு நைலானோடு 5 முதல் 10 விழுக்காடு எலாஸ்டேன் (ரப்பர்போல இழுபடும் இழை) கலந்த துணியே என் தேர்வு. எலாஸ்டேன் அதற்கு மேல் கூடினால் இழுவை அதிகம் கிடைக்கும், ஆனால் காய நேரமெடுக்கும், நாளடைவில் தொளதொளக்கும். துணியின் கனம் சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிராம் இருந்தால் போதும். ஓட்டப் பந்தய ஷார்ட்ஸ் 100 கிராமுக்கும் கீழே இருக்கும். தார்ச்சாலைக்கு அருமை, பிரம்பு முள்ளில் ஒருமுறை மாட்டினால் கிழிந்துவிடும்.

துணியைவிட அதிகமாகப் பார்க்க வேண்டியது தையல். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கடையிலேயே ஷார்ட்ஸை உள்பக்கம் வெளியாகத் திருப்பி, கவட்டுப் பகுதியை வெளிச்சத்தில் பிடியுங்கள். முன்னிருந்து பின்னோக்கி வரும் தையலும் இரண்டு கால்களின் உள்தையலும் ஒரே புள்ளியில் குறுக்கிட்டால், அங்கே துணி நான்கைந்து மடிப்பாகத் தடித்து ஒரு முடிச்சு விழுந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் கடலைப் பருப்பளவுக்கு உறுத்தும். ஒவ்வோர் அடிக்கும் தோலில் உராய்வது அதுதான். நல்ல ஷார்ட்ஸில் அந்த இடத்தில் வைரக்கல் வடிவில் வெட்டிய தனித்துண்டு ஒன்றை வைத்துத் தைத்திருப்பார்கள். நடுத்தையல் அங்கே இரண்டாகப் பிரிந்து விலகிப்போகும், முடிச்சு விழாது. காலை அகட்டி ஏறும்போது துணி இழுபடுவதும் குறையும். கால்களின் உள்தையல் தட்டையாக இருக்கிறதா என்பதையும் விரலை ஓட்டிப் பாருங்கள். விளிம்பு எழும்பி நின்றால் அந்த ஷார்ட்ஸ் வேண்டாம், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

அடுத்தது நீளம். கவட்டுத் தையலிலிருந்து கீழ் விளிம்பு வரை அளக்கும் உள்கால் நீளத்தை 5, 7, 9, 11 அங்குலம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். உங்களுக்கு எது என்பதை உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கால்களைச் சேர்த்து நில்லுங்கள். தொடைகள் எதுவரை ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்று பாருங்கள். ஷார்ட்ஸின் விளிம்பு அந்த இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே இறங்கவேண்டும். 5 அங்குல ஷார்ட்ஸ் பலருக்கு நடக்க நடக்க மேலேறிக்கொள்ளும். பிறகு தோலும் தோலும் நேராக உரசும். 11 அங்குலம் முழங்காலை மூடும். நனைந்தால் முட்டியில் ஒட்டி, படியேறும்போது ஒவ்வோர் எட்டிலும் பிடித்து இழுக்கும். பெரும்பாலோருக்கு 7 முதல் 9 அங்குலம் சரிவரும். கால் வாய் அகலமும் முக்கியம். தொடைக்கும் துணிக்கும் நடுவே நான்கு விரல் தாராளமாக நுழையவேண்டும். நடக்கும்போது துணி ஆடி ஆடி உள்ளே காற்றைத் தள்ளும். ஈரம் மிகுந்த காற்றில் அந்த அசைவுதான் கொஞ்சமாவது வியர்வையைப் போக்கும்.

தொடை பருமனாக உள்ளவர்கள் உள்ளே தொடை வரை நீளும் இறுக்கமான நைலான் உள்ளாடை அணிவது நல்லது. உரசல் துணிக்கும் துணிக்கும் இடையில் போய்விடும், தோல் தப்பிக்கும். சில ஷார்ட்ஸில் அதை உள்ளேயே சேர்த்துத் தைத்திருப்பார்கள். ஆனால் மலிவான ஓட்ட ஷார்ட்ஸில் வரும் வலைத்துணி உள்ளாடை வேறு. அதன் எலாஸ்டிக் ஓரம் இடுக்கைச் சரியாக அறுக்கும் இடத்தில் வரும். அதற்குள் பருத்தி உள்ளாடையும் போட்டால் இரண்டு ஈரத்துணி ஒன்றன்மேல் ஒன்று. வலையைக் கத்தரித்து எறிந்துவிட்டு நைலான் உள்ளாடை அணியுங்கள்.

இடுப்புப் பட்டையில் கவனிக்க ஒன்றுதான் உண்டு. முதுகுப்பை எடுத்துச் செல்வோருக்கு, பையின் இடுப்புவார் அழுத்தும் இடத்தில் பெல்ட் வளையமோ உலோகப் பொத்தானோ இருக்கக்கூடாது. தட்டையான எலாஸ்டிக்கும் உள்ளே கட்டும் நாடாவும் போதும்.

பைகளுக்கு வருவோம். கைத்தொலைபேசி ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். தொளதொளத்த பக்கப்பையில் அதைப் போட்டால் அடிக்கு ஒருமுறை தொடையில் மோதும், ஷார்ட்ஸை ஒருபக்கமாக இழுக்கும். ஜிப் வைத்த பை, தொடையின் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இருந்தால் ஆட்டம் குறையும். வலைத்துணிப் பையென்றால் வியர்வை உள்ளே ஊறும். தொலைபேசியையும் பணத்தையும் ஜிப்லாக் பையில் போட்டே வைக்கவேண்டும். ஜிப் பை இருப்பதில் இன்னொரு நன்மை: தின்பண்டம் வைத்த நெகிழிப்பையைக் கையில் தொங்கவிட்டு நடக்க வேண்டியதில்லை. அந்தப் பையைக் கண்டால் மெக்ரிட்சிக் குரங்குகள் நேரே வந்துவிடும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நின்றுவிட்டுக் கழற்றிவிடாதீர்கள். முழுதாகக் குந்தி உட்காருங்கள். பின்புறம் இடுப்புப்பட்டை இறங்கக்கூடாது. அறையிலுள்ள இருக்கையின்மேல் ஒரு காலை வையுங்கள். தொடையில் துணி இறுகினால் ஓர் அளவு கூட்டுங்கள். முழங்காலை இடுப்பளவுக்கு இருபது முறை மாற்றி மாற்றித் தூக்குங்கள். விளிம்பு மேலேறி அங்கேயே தங்கிவிட்டால் அந்த வெட்டு உங்களுக்கு ஆகாது. அறையில் தெரிகிற சிறு உறுத்தல் பாதையில் பத்து மடங்காகும்.

எல்லாப் பாதைக்கும் ஒரே ஷார்ட்ஸ் பொருந்தாது. புக்கிட் தீமா உச்சி 163 மீட்டர்தான், ஆனால் உயரமான படிகளில் கால் அகலத் திறக்கவேண்டும். அங்கே இழுவையும் கவட்டுத் துண்டும் பேசும். பழைய ரயில் தடத்தில் அமைந்து 24 கிலோமீட்டர் நீளும் ரயில் காரிடார் பெரும்பாலும் சமதளம். ஒரே அசைவு ஆயிரக்கணக்கான முறை நிகழ்வதால் அங்கே உரசல்தான் எதிரி. ஜூரோங்கிலிருந்து கோனித் தீவு வரையிலான 36 கிலோமீட்டர் கோஸ்ட்-டு-கோஸ்ட் பாதையை ஒரே நாளில் முடிப்போர் மாற்று உள்ளாடை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு பாதி வழியில் மாற்றிக்கொள்ளவேண்டும். புலாவ் உபின் தீவில் லாலாங் புல் மண்டிய ஒற்றையடித் தடங்களுக்கோ பிரம்பு படர்ந்த காட்டுக்கோ ஷார்ட்ஸே வேண்டாம். மெல்லிய முழுக்கால்சட்டை அணியுங்கள். லாலாங் இலையின் ஓரம் கெண்டைக்காலைக் கீறும். வியர்வை பட்டால் அந்தக் கீறல் நாள் முழுக்க எரியும்.

பெண்களுக்கான ஷார்ட்ஸில் பை ஆழமில்லாமல் இருப்பதும், உள்கால் நீளம் 3, 4 அங்குலத்தோடு நின்றுவிடுவதும் பழைய குறை. 9 அங்குல நீளத்தில் சற்றுத் தளர்ந்த ஷார்ட்ஸும், உள்ளே முழங்கால் வரை வரும் மெல்லிய டைட்ஸும் நல்ல இணை. கூச்சமும் இல்லை, உரசலும் இல்லை. சல்வார் அணிந்து வருவோர் பலர். அடர்ந்த வேர்கள் குறுக்கிடும் பாதையில் அதன் அகன்ற கால் நுனி மாட்டித் தடுக்கும். புக்கிட் தீமாவில் நடந்துவிட்டு அப்பர் புக்கிட் தீமா சாலை முருகன் கோயிலுக்குப் போகும் வழக்கம் உள்ளவர்கள், நாலு முழ வேட்டியையோ தளர்ந்த முழுக்கால்சட்டையையோ ஜிப்லாக் பையில் வைத்திருக்கலாம். முழங்காலில் ஜிப்பால் கழற்றி மாட்டும் கால்சட்டையும் கிடைக்கிறது. அந்த ஜிப் வளையம் முட்டிக்கு நேராக வராமல் மேலே இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

கொசு மருந்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டீட் என்ற வேதிப்பொருள் கலந்த மருந்து தோலுக்குப் பாதுகாப்பானதே, ஆனால் எலாஸ்டேனைக் கெடுக்கும். ஷார்ட்ஸின் மீது பீய்ச்சாமல் கையில் எடுத்துக் காலில் தடவுங்கள், அல்லது பிக்காரிடின் கலந்ததை வாங்குங்கள். சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு மாலையில் போவோர் ஷார்ட்ஸ் அணிந்தால் கெண்டைக்கால், முட்டியின் பின்புறம் இரண்டையும் மறக்கக்கூடாது.

நம்மவர்கள் இடுக்கில் பவுடர் கொட்டிக்கொண்டு கிளம்புவதுண்டு. அரைமணி நேரத்தில் அது வியர்வையில் குழைந்து உருண்டு, மணல்போல உரசும். நடப்பதற்குமுன் வாசலின் மெல்லிய பூச்சாகத் தடவுவதே மேல். 10 கிலோமீட்டருக்கு மேல் போனால் நடுவில் ஒருமுறை மறுபடி தடவவேண்டும். உரிந்துவிட்டால் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றியெடுத்து, காற்றாட விடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இதைச் சிறிய புண் என்று விடக்கூடாது. நடை முடிந்து ஈர ஷார்ட்ஸோடு பேருந்திலும் காப்பிக்கடையிலும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் அரையிடுக்குப் படர்தாமரைக்கு அழைப்பு.

வீட்டுக்கு வந்ததும் ஷார்ட்ஸை அழுக்குக்கூடையில் சுருட்டிப் போடாமல் உடனே தண்ணீரில் அலசுங்கள், உப்பு போகட்டும். துணி மிருதுவாக்கும் திரவம் சேர்க்கவேண்டாம். அது இழைகளின்மேல் படிந்து, வியர்வையைப் பரப்பும் தன்மையை மழுங்கடிக்கும். வாடை போகாவிட்டால் ஒரு வாளித் தண்ணீரில் அரைக்கோப்பை வெள்ளை வினிகர் விட்டு அரைமணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். உலர்த்தி இயந்திரத்தின் சூடு எலாஸ்டேனைத் தளர்த்திவிடும். உள்பக்கம் வெளியாகத் திருப்பி, நிழல் விழும் பக்கமாக மூங்கில் கழியில் மாட்டினால் போதும்.

நடையை ஏற்பாடு செய்வோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த அறிவிப்பில், தார்ப்பாதையா, படிகளா, புல்மண்டிய தடமா, மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்பதை முதலில் எழுதுங்கள். அதற்குக் கீழே இப்படி ஒரு குறிப்பு: ‘பருத்தி, ஜீன்ஸ் வேண்டாம். நைலான் அல்லது பாலியஸ்டர் ஷார்ட்ஸ், உள்கால் 7 முதல் 9 அங்குலம். புதிதாக வாங்கியதென்றால் முந்தைய வாரமே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பு வட்டாரத்தில் ஒரு மணி நேரம் அணிந்து நடந்து பார்க்கவும். மாற்று உடை ஒன்று கொண்டுவரவும்.’ கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியிலும் இது அடங்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈசூன்