அந்த வில்லனுக்கும் ஒரு பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயின் இசை நாடகங்களைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரை, அமெரிக்காவின் நிறுவனர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனின் வாழ்க்கையைச் சொல்லும் ‘ஹாமில்டன்’ நாடகத்தை எழுதி, இசையமைத்து, தலைப்பு வேடத்திலும் நடித்த லின்-மேனுவல் மிராண்டாவுக்கு இரண்டு முழுப் பத்திகளை ஒதுக்கிவிட்டு, ஹாமில்டனின் அரசியல் எதிரி ஆரன் பர் வேடமேற்ற லெஸ்லி ஓடம் ஜூனியரை ‘வில்லனாக நடித்தவர்’ என்ற இரண்டே சொற்களில் முடித்துக்கொண்டது. எனக்கு மனத்தாங்கல் அங்கேதான். பிராட்வே நாடகங்களுக்கு வழங்கப்படும் டோனி விருதுகளில், 2016ஆம் ஆண்டு, இசை நாடகத்தின் சிறந்த நடிகருக்கான போட்டியில் இருவருமே இருந்தார்கள். விருது ஓடமுக்குத்தான் போனது.

நான் பார்த்தது 2016 ஜூன் மாதம் நியூயார்க்கின் ரிச்சர்ட் ராஜர்ஸ் அரங்கில் படமாக்கப்பட்டு, 2020 ஜூலையில் டிஸ்னி பிளஸ் தளத்தில் வெளியான பதிவைத்தான். ராப் நடையில் பாய்ந்தோடும் வரிகளில் பாதி சப்டைட்டில் இல்லாமல் எனக்குப் பிடிபடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓடம் பாடிய இடங்களில் மட்டும் அதன் தேவை அதிகம் இருக்கவில்லை.

ஹாமில்டனைச் சுட்டவன் நான்தான் என்று முதல் பாட்டிலேயே பர் சொல்லிவிடுகிறார். ஆகவே கொலையாளி யார் என்பதில் மர்மமில்லை. இவ்வளவு நிதானமான மனிதர் அந்தத் துப்பாக்கிவரை எப்படிப் போனார் என்பதைத்தான் மீதி நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பேச்சைக் குறைத்துக்கொள், புன்னகையைக் கூட்டிக்கொள் என்று இளம் ஹாமில்டனுக்குப் புத்தி சொல்லும்போது அவருடைய உதடு சிரிக்கிறது, கண்ணோ எதிரில் நிற்பவனை எடைபோடுகிறது. மூன்று வயதாகும் முன்பே தாய் தந்தையரை இழந்த பர், தான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று பாடும் பாட்டில், குழுவினரின் குரல்கள் உச்சத்துக்கு எழும்பி அடங்கியபின், ‘பொறு’ என்ற பொருள்படும் அந்தச் சொல்லை ஏறத்தாழ மூச்சாகவே விடுகிறார். 1790ஆம் ஆண்டு அரசியல் தலைவர்களான ஜெபர்சனும் மேடிசனும் ஹாமில்டனும் ஒரு விருந்தில் கூடி, நாட்டின் தலைநகர் எங்கே அமைவது என்ற விவகாரத்தைப் பேசி முடிக்கும் காட்சியிலோ, பந்திக்கு அழைக்கப்படாத பர்ரின் எரிச்சல் முதலில் கிண்டலாகத் தொடங்கி, பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தின் தாளத்தோடு உடம்பெல்லாம் பரவி, எனக்கும் அந்த அறைக்குள் இடம் வேண்டும் என்ற கூச்சலாகவே வெடித்துவிடுகிறது.

இரண்டாம் பாதியில் இருவரும் கடிதங்களில் மோதிக்கொள்வதைக் கேலியாக நகர்த்திவிட்டது நாடகத்தின் குறை என்றே நினைக்கிறேன். ஆனால் அதையடுத்து வரும், 1804 ஜூலை 11 அன்று நியூஜெர்சியின் வீஹாக்கனில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஓடம் அந்தக் குறையை ஈடுசெய்துவிடுகிறார். முன்பு பிறந்த மகளை நினைத்துத் தனியாக ஒரு நாற்காலியில் அமர்ந்து தாலாட்டுப்போல் பாடியவர், இப்போது அந்த மகளை ஹாமில்டன் அநாதையாக்கிவிடக் கூடாது என்று துடிக்கிறார். அவர் சுட்ட குண்டாக ஒரு நடனப் பெண் மெல்ல மெல்ல முன்னேறுகிறாள். ஹாமில்டன் தன் துப்பாக்கியை வானத்தை நோக்கி உயர்த்துகிறார். அதைக் கண்ட நொடியில் பர் ‘பொறு!’ என்று அலறுகிறார். வாழ்நாளெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே சொல். குண்டு கிளம்பியாயிற்று. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும் குரலில் ஈரமே இல்லை.

இந்த நடிப்பை ‘வில்லன்’ என்ற முத்திரைக்குள் எப்படி அடக்க முடிந்தது என்று கட்டுரையாளரைக் கேட்கத் தோன்றுகிறது. தொடரின் அடுத்த பகுதியிலாவது ஓடமுக்கு ஒரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருநெல்வேலி