காய்கார அம்மாவின் தராசு சரியாகத்தான் இருந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், தள்ளுவண்டியில் காய் விற்பவர்கள் எல்லோருமே எடையில் ஏமாற்றுகிறார்கள், அவர்களைத் தெருவுக்குள்ளேயே விடக்கூடாது என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. இதே குற்றச்சாட்டைச் சொல்லித்தான் எங்கள் குடியிருப்பில் ஒரு காய்கார அம்மாவை இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று விரட்டினார்கள். அந்த அம்மாவை வேவு பார்க்க அனுப்பப்பட்ட ஆள் நான்தான். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை, ஆனாலும் போனேன். போனவன் என்ன கண்டுபிடித்தேன் என்பதை வெளியில் சொல்லாமல் இருப்பது அந்த அம்மாவுக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது திருச்சியில் மகன் வீட்டில் இருக்கிறோம், குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்து, அந்த அம்மா கிலோவுக்கு 60, 70 கிராம் அடிக்கிறார், ஆதாரம் இருக்கிறது, ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். "சார், நீங்கதான் சரியான ஆள். வாழ்நாள் பூரா எடை போட்டவர். அந்தம்மாவுக்கு உங்க முகமும் தெரியாது." 20 கிராம் வரை ஒரு கட்டணம், 21 ஆனால் வேறு கட்டணம் என்று கவுண்டரில் உட்கார்ந்து நிறுத்துக்கொண்டே இருந்தவனுக்கு எடை தெரியும்தான். அதற்காக ஒருத்தரை நம்பவைத்துக் கவனிப்பதா என்று மூன்று நாள் தட்டிக்கழித்தேன். நான்காம் நாள் செயலாளர் என் மகனிடம் பேசி, மகன் என்னிடம் பேசி, சரி என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

திட்டமெல்லாம் செயலாளர் போட்டதுதான். எங்கள் வாசலில் வாங்கினால் சந்தேகம் வரும், அதனால் அடுத்த தெரு பிள்ளையார் கோயில் முனையில் காலை ஏழரைக்கு வண்டி நிற்கும்போது போக வேண்டும். மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள், எனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டும். தபால்காரன் என்பது வாயில் வந்துவிடக் கூடாது. வாங்கியதும் வாட்ஸ்அப்பில் "பார்சல் வந்தது" என்று போட வேண்டும். மார்ச் மாத வெயிலில் தலைக்கு மங்கி குல்லா வேறு போட்டுக்கொள்ளச் சொன்னார், அதை மட்டும் மறுத்துவிட்டேன்.

முதல் நாள் ஒரு கிலோ தக்காளி. அந்த அம்மா நிறுத்து, முள்ளங்கி ஒன்றை எடுத்து மேலே போட்டார். சமைக்கத் தெரியாது என்று நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். அன்றிலிருந்து தினம் ஒரு பாடம். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கணும், பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். முருங்கைக்காயை லேசாக முறுக்கணும், வளைந்து கொடுத்தால் எடுக்கலாம். சுரைக்காயில் நகத்தை அழுத்தினால் இறங்கணும். தனியாளுக்கு ரசம் வைப்பது எப்படி என்று வண்டியோரம் நின்றபடி எனக்குச் சொல்லிக்கொடுத்தார், பின்னால் நின்ற இரண்டு பெண்கள் திருத்தமும் சொன்னார்கள். வீட்டில் என் மனைவி வாசலில் காத்திருந்து, "ஏங்க, இந்த வாரத்துல இது மூணாவது சுரைக்காய், இதை யார் தலையில கட்டுறது?" என்று கேட்டாள். அவள் ஊருக்குப் போயிருப்பதாகத் தெருமுனையில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருப்பது அவளுக்கு அப்போது தெரியாது.

வாங்கியதையெல்லாம் பக்கத்து மளிகைக் கடையில், அரசு சோதித்து முத்திரை போட்ட தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஒருநாள்கூடக் குறையவில்லை. 1 கிலோ என்றால் 1020, 1035, ஒருநாள் 1050. கொசுறு கணக்கில் சேராமலேயே.

எட்டாம் நாள் நான் கிளம்பும் முன்பே அந்த அம்மா பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே தராசின் முத்திரைச் சான்றிதழ். "சார், முத்திரைக்கு இன்னும் நாலு மாசம் இருக்குல்ல? பாத்துக்கங்க." நான் மாறுவேடத்தில் வந்த முத்திரை ஆய்வாளர் என்று மூன்றாம் நாளிலிருந்தே நினைத்திருக்கிறார். வாங்க வருகிறவர்கள் காயைப் பார்ப்பார்கள், நான் தராசைப் பார்த்தேனாம். தமிழ்நாட்டில் எடையளவு ஆய்வு தொழிலாளர் துறையின் பொறுப்பு, அவர்கள் வாடிக்கையாளர் போல வந்து வாங்கிப் பார்ப்பதும் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அங்கேதான் எனக்கு உறைத்தது. ஆய்வாளர் என்று நினைத்து ஒருவர் எனக்குக் கூடுதலாகப் போட்டிருந்தால் என் எட்டு நாள் கணக்குக்கு ஒரு மதிப்பும் இல்லை. அவர் நேர்மையானவர் என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதனால் மறுபடி ஆரம்பித்தேன். எங்கள் மாடியில் வீட்டுவேலைக்கு வரும் பெண்ணிடமும், பள்ளிக்கூடம் போகிற பக்கத்து வீட்டுப் பையனிடமும் காசு கொடுத்து, எதற்கு என்று சொல்லாமல், வேறு வேறு நேரத்தில் வாங்கி வரச் சொன்னேன். ஐந்து முறை வாங்கியதில் மளிகைக் கடைத் தராசு காட்டியது 1000, 1005, 500, 1000, 505. இந்த மாதிரி தராசுகள் ஐந்தைந்து கிராமாகத்தான் காட்டும், ஆகவே இதற்குமேல் சரியாக யாராலும் நிறுக்க முடியாது.

இந்தக் கணக்கோடு செயலாளர் வீட்டுக்குப் போனால், அவர் எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டார். முந்தின நாள் கேட்டிலேயே அந்த அம்மாவை நிறுத்தி, நாலு பேர் முன்னால், உன் தராசு திருட்டுத் தராசு, உள்ளே வராதே என்று சொல்லியாயிற்று. ஆதாரம் கேட்டேன். ஒரு நோட்டைக் கொடுத்தார்.

அந்த நோட்டை இரண்டு நாள் வைத்துப் படித்தேன். நாற்பது பக்க நோட்டு, கட்டம் கட்டி, தேதி போட்டு, சுத்தமான கையெழுத்து. தக்காளி 1 கிலோ, வீட்டில் நிறுத்தது 930. பீன்ஸ் அரைக் கிலோ, 465. சங்கரா மீன் 1 கிலோ, 925. கம்பெனி உறை பிரிக்காத துவரம்பருப்பு 1 கிலோ, 935, பக்கத்தில் சிவப்பு மையில் "இவனும் திருடன்". இப்படி நான்கு மாதம். காய், மீன், பருப்பு, வெல்லம், எல்லோருமே அடித்திருக்கிறார்கள், எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு அடித்திருக்கிறார்கள். அவருடைய பட்டியலில் ஒரே ஒரு நல்ல மனிதர்தான் இருந்தார், பழைய பேப்பர் வாங்குகிறவர். வீட்டில் 4 கிலோ 650 காட்டிய கட்டுக்கு அவர் 5 கிலோவுக்கான காசு கொடுத்திருக்கிறார். "நேர்மையானவர், இவரையே கூப்பிடவும்" என்று அடிக்கோடு.

நம்மிடம் விற்கிறவர்கள் எல்லோரும் குறைத்துப் போடுகிறார்கள், நம்மிடம் வாங்குகிறவர் மட்டும் கூட்டிக் கொடுக்கிறார் என்றால், இடையில் பொதுவாக இருப்பது வீட்டுத் தராசு ஒன்றுதான். 5 கிலோவுக்கு 4.650, 1 கிலோவுக்கு 930, அரைக் கிலோவுக்கு 465, மூன்றும் ஒரே விகிதம். நூறுக்கு ஏழு. மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காகத் திருட மாட்டார்கள்.

சோதிக்க எனக்கு ஒரு சரியான எடைக்கல் வேண்டியிருந்தது. கோயில் முனைக்குப் போனேன். நான் ஆய்வாளர் இல்லை, யார் அனுப்பி வந்தேன், மனைவி வீட்டில்தான் இருக்கிறாள், எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கீரைக்கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தராசப் பாத்தீங்க சரி. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் அவரே வண்டியில் தார்ப்பாய் பறக்காமல் இருக்க வைத்திருந்த இரும்புப் படிக்கல்லை எடுத்துக் கொடுத்தார். அவருடைய அம்மா கைத்தராசில் விற்ற காலத்து 1 கிலோ கல். விளிம்பெல்லாம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, அடியில் குழியில் ஊற்றிய ஈயத்தில் பழைய முத்திரை எழுத்துகள் அரைகுறையாகத் தெரிகின்றன. இரும்புக் கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும், இது போட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும். அதனால் முதலில் அவருடைய தராசில் வைத்தேன், 1000. மளிகைக் கடையில் வைத்தேன், 1000. பிறகுதான் செயலாளர் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அது இணையத்தில் வாங்கிய, மேலே கண்ணாடி போட்ட சமையலறைத் தராசு. கிரானைட் மேடையில் கீறல் விழக்கூடாது என்று அடியில் டர்க்கி டவலை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் வைத்திருந்தார்கள். கல்லை வைத்தேன், 930. டவலை உருவிவிட்டு வெறும் கல்மேடையில் வைத்தேன், 999. இந்த வகைத் தராசில் எடையை உணரும் பாகம் அடியிலுள்ள நான்கு கால்களில் இருக்கிறது. கால்கள் துணிக்குள் புதைந்து தராசின் வயிறு டவலில் படிந்துவிட்டால் பாரத்தில் ஒரு பகுதியைத் துணி வாங்கிக்கொள்ளும், காலுக்கு வராது. அவ்வளவுதான் மர்மம். கூடியிருந்த பத்துப் பேரில் யாரும் பேசவில்லை. ஒரு குட்டிப் பெண் மட்டும், "அப்போ பேப்பர் தாத்தா நல்லவர் இல்லையா?" என்று கேட்டாள். நல்லவர்தான் கண்ணு, சரியாக நிறுத்திருக்கிறார் என்றேன்.

எடையில் ஏமாற்றுகிறவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள். தட்டில் காயை வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், எடை காட்டும் திரை நமக்குத் தெரியும்படி இருக்க வேண்டும், தராசு சாயாமல் நிற்கிறதா என்பதற்கு அதிலேயே ஒரு நீர்மட்டக் குமிழி இருக்கும், அது வட்டத்துக்கு நடுவில் இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை கட்டாயம், சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். முத்திரை கட்டாயம் என்பது சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009 சொல்வது. குறைந்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் வீட்டுச் சமையலறைத் தராசுக்கு எந்த முத்திரையும் கிடையாது, யாரும் அதைச் சோதித்ததும் கிடையாது. அதை நம்பி, முத்திரை போட்ட தராசு வைத்திருக்கிறவரைத் திருடி என்கிறோம்.

1999-இல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கியபோது விவசாயிகளுக்குத் தராசை அரசே கொடுத்தது. தள்ளுவண்டிக்காரருக்கு அந்த வசதி இல்லை, அவரே வாங்கி, அவரே செலவு செய்து முத்திரை போட வேண்டும். விடியற்காலை காந்தி மார்க்கெட்டில் மூட்டையாக வாங்கும்போது அழுகலும் காம்பும் மண்ணும் அவர் கணக்கில்தான் போகிறது. மாநகராட்சி வார்டுக்கு ஒரு பொதுச் சோதனைத் தராசு வைக்கட்டும், வார்டு அலுவலகத்திலோ ரேஷன் கடை வாசலிலோ, வாங்குகிறவரும் விற்கிறவரும் சந்தேகம் வந்தால் போய் நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பத்திரிகை இதை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் சங்கத்தில் மன்னிப்புத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். செயலாளரும் நேரில் போய்ப் பேசினார், அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அந்த அம்மா இன்னும் எங்கள் கேட்டுக்குள் வண்டியை விடவில்லை, நாங்கள்தான் கோயில் முனைக்குப் போய் வாங்குகிறோம். திருடி என்று நாலு பேர் முன்னால் சொன்னதை ஒரு தீர்மானத்தில் எடுத்துவிட முடியாது. வியாபாரம் முடிந்து பத்து மணிக்கு டீக்கடையில் உங்கள் பேப்பரைத்தான் படிக்கிறார், வாசகர் கடிதப் பகுதியையும் விடுவதில்லை. சென்ற வாரக் கடிதத்தையும் படித்திருப்பார். இடம் போதாது என்று இந்தக் கடிதத்தை எங்கே வெட்டினாலும் சரி, அவர் தராசு சரியாக இருந்தது என்ற வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்,
திருச்சி