ஸ்டாக்கை வைத்து ஆளை எடை போடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குறைந்த பந்தய ஆன்லைன் போக்கர் பற்றிய கட்டுரையில், பெரிய ஸ்டாக் (மேஜையில் ஒருவர் முன்னால் இருக்கும் காசு) இருந்தால் தேர்ந்த ஆட்டக்காரர், சின்ன ஸ்டாக் இருந்தால் கற்றுக்குட்டி என்று எழுதியிருந்தீர்கள். புதிதாக ஆட வருபவர்கள் இதை அப்படியே நம்பினால் காசு போகும்.

கேஷ் டேபிளில் (நேரடியாகக் காசுக்கு ஆடும் மேஜை) ஒருவர் 220 பிக் பிளைண்டோடு (இரண்டு கட்டாயப் பந்தயங்களில் பெரியது; கீழே வரும் எண்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான்) இருந்தால், யாரோ ஒருவருடைய ஸ்டாக்கை அள்ளியிருக்கிறார், அவ்வளவுதான். ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் மோதிக்கொள்ளும் ஒரே கையில் (ஒரு சுற்று ஆட்டத்தில்) அது நடந்துவிடும். அதில் திறமைக்கு வேலையே இல்லை.

ஸ்டாக் குறையும்போது அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 100 வைத்திருப்பவர் இரண்டு பிளைண்டும் (0.5, 1) கட்டி ஃபோல்ட் செய்கிறார் (சீட்டைக் கைவிடுகிறார்), 98.5 ஆகிறது. அடுத்த கையில் மறுபடி 100. ஆட்டோ டாப்-அப் (குறைந்ததைத் தானாக நிரப்பும் வசதி) போட்டிருக்கிறார். பெரும்பாலும் தினமும் ஆடுபவர். பக்கத்தில் இருப்பவருடைய ஸ்டாக் 63, 58, 51 என்று கரைகிறது, நிரப்புவதே இல்லை. கூடவே லிம்ப் செய்து செய்து (பந்தயத்தை உயர்த்தாமல் பிக் பிளைண்டை மட்டும் கட்டி) ஃப்ளாப் (மேஜையில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்க்கிறார் என்றால் பொழுதுபோக்குக்கு வந்தவர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வேண்டுமென்றே குறைந்தபட்ச பை-இன்னோடு (மேஜையில் உட்காரக் கொண்டுவரும் காசு) உட்காருபவர்களும் உண்டு. லிம்ப் செய்ய மாட்டார்கள். ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துவது) அல்லது ஃபோல்ட், இரண்டில் ஒன்று. ஸ்டாக் இரட்டித்ததும் எழுந்துவிடுவார்கள். இவர்களைக் கற்றுக்குட்டி என்று எண்ணி லேசான கையோடு அவர்களுடைய ஆல்-இன்னை (மொத்த ஸ்டாக்கையும் போடுவதை) கால் செய்வதில்தான் (ஈடாகக் காசு கட்டுவதில்தான்) பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆளைப் பற்றிச் சொல்வதைவிட, கையை எப்படி ஆட வேண்டும் என்பதைத்தான் ஸ்டாக் தெளிவாகச் சொல்கிறது. எதிராளியிடம் 30 இருக்கிறது. நீங்கள் 3-க்கு ரெய்ஸ் செய்ய, பிக் பிளைண்டில் இருந்து அவர் கால் செய்கிறார். பாட் (நடுவில் சேர்ந்த பந்தயக் காசு) சின்ன பிளைண்டின் 0.5-ஐயும் சேர்த்து 6.5, அவர் கையில் 27. ஃப்ளாப்பில் 4, டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) 10 போட்டு ப்ளஃப் செய்கிறீர்கள் (நல்ல கை இல்லாமலே மிரட்டுகிறீர்கள்), இரண்டுக்கும் கால். இப்போது பாட் 34.5, அவரிடம் மிச்சம் 13. ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) நீங்கள் ஆல்-இன் என்றால் அவர் 13 போட்டு 47.5-ஐப் பிடிக்கப் பார்க்கலாம். நூற்றுக்கு 22 தடவை ஜெயித்தாலே அவருக்கு லாபம். ஒரு சின்ன ஜோடி இருந்தாலும் விட மாட்டார். அந்த ப்ளஃபை ஆரம்பித்திருக்கவே கூடாது.

சின்ன ஜோடியோடு செட் (கையில் உள்ள ஜோடிக்கு மேஜையில் அதே மதிப்புள்ள மூன்றாவது சீட்டு) தேடிப் போவதும் இதே கதிதான். ஃப்ளாப்பில் செட் விழும் வாய்ப்பு ஏறக்குறைய 12 சதவீதம். 30 வைத்திருப்பவருடைய ரெய்ஸுக்கு 3 கட்டினால், செட் விழுந்து முழுதாகப் பிடுங்கினாலும் அவரிடமிருந்து மேற்கொண்டு வருவது 27தான். பல நேரம் அதுவும் வராது. இருவரிடமும் 100 இருந்தால் அதே கால் சரியானது.

220-ஐக் கண்டு மிரளுபவர்களுக்கும் ஒன்று: உங்களிடம் 100 இருந்தால், ஒரு கையில் அவரால் உங்களிடமிருந்து எடுக்க முடிவதும் 100தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்