கூலர் உயரத்தையும் பட்டியலில் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உதிரிபாகங்கள் வாங்கிப் புதிதாகக் கணினி சேர்ப்பவர்களுக்காகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் பற்றி விரிவாக எழுதியவர், பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலருக்கு வந்ததும் 'நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எது நல்லது என்று தெரியாமல்தானே புதியவர்கள் தடுமாறுகிறார்கள்?

பிராசசருக்குப் போட்டிருக்கும் வாட் கணக்கை மட்டும் பார்த்து கூலர் எடுக்க முடியாது. இன்டெல் கோர் ஐ9-13900கே-க்கு அடிப்படை அளவு 125 வாட். வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் டர்போவில் 253 வாட் வரை போகும். ஏஎம்டி ரைசன் 7950எக்ஸுக்கு 170 என்று போட்டிருக்கும். 230 வரை இழுக்கும். இவற்றுக்குப் பெரிய கூலர் வேண்டியதுதான். ஆனால் 65 வாட் ரைசன் 7600 உச்சத்திலும் 88 வாட்டுக்கு மேல் போகாது. கூடவே வரும் கூலரே அதைச் சமாளிக்கும். சத்தம் குறைய வேண்டுமா, ஒற்றை விசிறி டவர் (நிமிர்ந்து நிற்கும் காற்றுக் கூலர்) ஒன்று போதும். அதற்கும் 360 மிமீ ரேடியேட்டரோடு, திரவத்தைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் வாட்டர் கூலர் வாங்கச் சொல்வது வீண் செலவு. டவரில் விசிறி நின்றுபோனால் விசிறியை மட்டும் மாற்றலாம். வாட்டர் கூலரில் பம்ப் போனால் பெரும்பாலும் மொத்தமாகவே மாற்ற வேண்டிவரும்.

அப்புறம் உயரம். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். தம்பிக்காகச் சேர்த்த கணினிக்கு 165 மிமீ உயரமுள்ள இரட்டை டவர் வாங்கினேன். பிராசசர் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் வைத்து, திருகு முடுக்கி, வயரெல்லாம் கட்டிய பிறகு பக்கக் கண்ணாடியை வைத்தால் மூடவில்லை. கூலரின் ஹீட் பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்) நுனிகள் கண்ணாடியில் இடித்தன. அந்த கேஸில் (கணினிப் பெட்டியில்) 160 மிமீ வரைதான் இடம். சரி, கழற்றிவிடலாம் என்று கூலரை நேராகத் தூக்கினேன். பேஸ்ட் பிடித்துக்கொண்டதில், லீவர் பூட்டியிருந்தும் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அது ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் ரகம், பின்கள் பிராசசரிலேயே இருக்கும். மூலையில் இரண்டு பின் வளைந்திருந்தன. பிளேடு முனையால் அவற்றை நிமிர்த்தி முடிக்கும்வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்துவிட்டு, கூலரை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பி எடுத்திருக்க வேண்டும். அதற்கடுத்த ஏஎம்5-இல் பின்கள் போர்டுக்குப் போய்விட்டன, மேலே சட்டமும் பிடித்துக்கொள்கிறது. பழைய போர்டு வைத்திருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

உயரமான ரேம் போட்டால் முன் விசிறியை மேலே தூக்கி மாட்ட வேண்டியிருக்கும், அந்த அளவையும் உயரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி நீங்கள் வெளியிடும் உதிரிபாகப் பட்டியலில், பிராசசருக்குப் பக்கத்தில் அது உச்சத்தில் இழுக்கும் வாட்டையும், கேஸுக்குப் பக்கத்தில் எத்தனை மிமீ கூலர் அடங்கும் என்பதையும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்