பக்கவாத ஆராய்ச்சியும் பாதியில் நின்ற நோயாளிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் ஒன்றுசேர்ந்து நடத்தும் பக்கவாத ஆராய்ச்சி பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் தாங்கள் வெளியிட்ட சிறப்புக் கட்டுரையை ஊன்றிப் படித்தேன். அத்தகைய கூட்டுமுயற்சி தென்மாவட்டங்களுக்கு வேண்டும் என்று கட்டுரையாளர் வற்புறுத்துவதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால், கிராமத்து நோயாளிகள் அக்கறையில்லாமல் பாதியிலேயே வராமல் நின்றுவிடுகிறார்கள், அதனால்தான் நம் பகுதி ஆராய்ச்சிகள் அரைகுறையாகின்றன என்று போகிறபோக்கில் அவர் எழுதிவிட்ட ஒரு வரி என்னை மிகவும் புண்படுத்தியது. தங்கள் இதழின் நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

என் தம்பி லாரி ஓட்டுநர். 52 வயதில் ஒரு நள்ளிரவில் அவனுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. வாய் கோணியதைக் கண்டதுமே அவன் மனைவி ஆம்புலன்சை அழைத்துவிட்டார். அருகிலிருந்த மருத்துவமனையில் அந்த நேரத்தில் ஸ்கேன் எடுக்க ஆள் இல்லை என்று காத்திருக்கச் சொல்லி, பிறகு வேறொரு பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மூளை ரத்தக்குழாயில் அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. நாங்கள் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த நேரம் கடந்துவிட்டிருந்தது. நோயாளி தாமதமாக அழைத்துவரப்பட்டார் என்று சீட்டில் எழுதினார்கள். தாமதம் எங்கே நேர்ந்தது என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை.

அங்கேதான் அவனை ஓர் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அடுத்தவர்களுக்காவது உதவட்டும் என்று சொல்லி அவன் மனைவி உடனே கையெழுத்திட்டார். மூன்றாம் மாதப் பரிசோதனைக்குத் தவறாமல் போனோம். ஒருபக்கம் செயலற்றுப்போன, கனத்த உடம்புக்காரனைப் பேருந்துப் படியில் தூக்கி ஏற்ற இயலாது. வாடகைக் கார்தான் பிடிக்க வேண்டும். பீடி சுற்றி வாரக் கடைசியில் கூலி வாங்கும் குடும்பத்துக்கு அந்தக் கார் வாடகை எவ்வளவு பெரிய தொகை என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆறாம் மாதம் எங்களால் போக முடியவில்லை.

அதன்பின் ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஓர் இளைஞர் கைப்பேசியில் அழைத்தார். பண்பாகத்தான் பேசினார். என் தம்பி மனைவி மடியில் தட்டை வைத்து பீடி சுற்றியபடியே, கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, “பரவாயில்ல, நல்லா இருக்காவ” என்று பதில் சொன்னார். அன்றைய நிலையில் என் தம்பிக்குச் சட்டைப் பொத்தானைப் பிறர்தான் போட்டுவிட வேண்டும். கழிவறைக்கு ஒருவர் தாங்கிப் பிடித்துத்தான் கூட்டிச்செல்ல வேண்டும். முன்பின் அறியாதவர் நலம் விசாரித்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள்; வீட்டுக் கஷ்டத்தை வெளியாரிடம் கொட்டமாட்டார்கள். நோயாளி பிறர் துணையின்றி நடக்கிறாரா, தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்கிறாரா என்பதைக் கொண்டுதான் பக்கவாத சிகிச்சை பலித்ததா இல்லையா என்றே உலகெங்கும் மதிப்பிடுகிறார்கள். அப்படியிருக்க, அந்த ஒரு வார்த்தை ஏட்டில் எப்படிப் பதிவாகியிருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஒருவர் வீடு தேடி வந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும்.

கூட்டு ஆராய்ச்சியின் அருமை தெரியாமல் நான் பேசவில்லை. தம்பி படுத்த நாளிலிருந்து இதைப் பற்றித் தேடிப் படித்துவருகிறேன். மூளை ரத்தக்குழாய்க்குள் குழாய் செலுத்திக் கட்டியை அகற்றும் சிகிச்சை பயன் தரும் என்பதை, நம் மாநிலத்தைவிட மக்கள்தொகை மிகக் குறைந்த நெதர்லாந்து, 16 மருத்துவமனைகளை ஒன்றுசேர்த்து, 500 நோயாளிகளைக் கொண்டு 2015இல் உலகுக்கு உறுதிப்படுத்திக் காட்டியது. இந்தியாவிலும் 14 மருத்துவமனைகள் சேர்ந்து 1,250 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தின. வீட்டாருக்கே பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டு நோயாளியை நடமாடவைக்க முடியுமா என்பது கேள்வி. வழக்கமான சிகிச்சையைக் காட்டிலும் அதனால் கூடுதல் பயன் இல்லை என்ற முடிவு 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் 31 மையங்களில் 4,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், பல இந்திய மொழிகளில் குறுஞ்செய்தியும் காணொளியும் கையேடும் தந்து பார்த்தார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது கூடியது, ஆனால் மறுபடி நோய் தாக்குவது குறையவில்லை. நினைத்த பலன் கிட்டவில்லை என்று ஒளிக்காமல் சொன்ன இந்த ஆய்வுகளை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரே ஒரு மருத்துவமனை தனியாக நின்று இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆனால், வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்தால் போதாது என்று 2017லேயே தெரிந்துவிட்ட பிறகும், எங்களுக்குக் கிடைத்தது என்ன? இரண்டு படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, “வீட்டிலேயே செய்யுங்கள்” என்று அனுப்பிவைத்தார்கள். இயன்முறை மருத்துவர் பணியிடம் ஒன்று எங்கள் பகுதி மருத்துவமனையில் காலியாகவே கிடப்பதைப் பற்றி முன்பு தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இடமின்மையால் அது வெளியாகாமல் போயிருக்கலாம். நான் குறையாகச் சொல்லவில்லை. இப்போது நோயாளிகளுக்கு அக்கறை இல்லை என்று எழுத மட்டும் இடம் இருக்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

கட்டுரையாளர் எங்கள் மாவட்டத்தை ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்கலாம். கட்டாக், வாராணசி, கோட்டா, கச்சார் ஆகியவற்றுடன் திருநெல்வேலியையும் சேர்த்து ஐந்து இடங்களில் ஐ.சி.எம்.ஆர். நடத்திய பக்கவாதப் பதிவேட்டில், 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளில் முதன்முறை நோய் கண்டவர்களாக 13,820 பேர் பதிவாயினர். அவர்களில் 60 வயது நிரம்பாதவர்களும் பலர். பத்தில் மூவர் 28 நாள்களுக்குள் இறந்துபோனார்கள். இந்தக் கணக்கைத் தந்தவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். அக்கறை இல்லாதவர்கள் என்று இவர்களையா சொல்வது?

மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஒப்பந்தம் போட்டுக்கொள்வதோடு கூட்டுமுயற்சி முடிந்துவிடக் கூடாது. முதலில் நோயாளி போய்ச் சேரும் வட்ட மருத்துவமனையும் அதில் பங்காளியாக இருந்தால்தான் அந்த முதல் சில மணி நேரம் எங்கே வீணாகிறது என்பது பதிவாகும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் தொடங்கியதிலிருந்து படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கு இயன்முறை மருத்துவர்கள் போய்வருகிறார்கள்; மூன்றாம் மாத, ஆறாம் மாதப் பரிசோதனைகளை அவர்களைக் கொண்டே வீட்டில் செய்துகொள்ளலாம். அது முடியாவிட்டால், நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் போக்குவரத்துச் செலவை ஆராய்ச்சி நிதியிலிருந்து தரட்டும். ஆய்வு முடிந்ததும், கையெழுத்துப் போட்ட குடும்பங்களுக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதமாவது அனுப்பட்டும். என் தம்பி கலந்துகொண்ட ஆய்வு என்ன ஆயிற்று என்று எங்களுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். தென்மாவட்டங்களில் இரவிலும் ஸ்கேன் எடுத்து, கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் மருத்துவமனைகள் எவை என்பதை விசாரித்து, ஊர்வாரியாகத் தங்கள் இதழில் ஒருமுறை வெளியிடுங்கள். அந்தக் கட்டுரையாளர் மீண்டும் இதைப் பற்றி எழுதுவதாக இருந்தால், பாதியில் நின்றுவிட்ட நோயாளிகளில் ஒருவரையாவது வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு வருவதானாலும் வரலாம். முகவரியை இத்துடன் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.